சூப்புக் கடை வரைக்கும்

தெருவில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஊசி. தையல்காரி என்பதால் வைத்த பெயர் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் என் நாக்கைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன. சொல்லிக்கொள்ளட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் யாரையும் சும்மா குத்துகிறவள் இல்லை. என் தம்பி மேல் கை வைத்தால் மட்டும் விடமாட்டேன். சூப்புக்காரி கை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். விடவில்லை.

தம்பிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: கம்பம். மின்சார ஆபீசில் லைன்மேன். ஆறடிக்கு மேல் உயரம். இவனுக்கு ஏணியே வேண்டாம், எட்டிப் பிடித்தால் பாதிக் கம்பம் என்று அவன் கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவன். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகி, அது முடிந்தும் போயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். முன்னறையில் என் இரண்டு தையல் மெஷின்களும் பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரிச் சீருடை மூட்டைகளும். பின்னறையில் அவன் கட்டில். நடுவில் சமையலறை.

அது ஒரு புதன்கிழமை. வேலை முடிந்து வருகிற வழியில் தெருமுனைச் சூப்புக் கடையில் இரண்டு டம்ளர் கோழி சூப் குடித்துவிட்டு வந்தான். வாரத்தில் மூன்று நாள் குடிப்பான். நான் அந்தக் கடை வாசலைக்கூட மிதித்ததில்லை. வெளிச் சாப்பாடே எனக்கு ஆகாது. சுத்தம் என்றால் என் வீட்டுச் சுத்தம்தான் சுத்தம் என்பது என் கட்சி.

அன்று இரவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். விடிவதற்குள் காய்ச்சல் கொதித்தது. கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே ஓய்ந்துபோனான். பொழுது விடிந்து எட்டிப் பார்த்தால், போனது வெறும் தண்ணீராக இல்லை, ரத்தமும் கலந்திருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நாக்கு காய்ந்து, கண் குழிவிழுந்து, அவ்வளவு பெரிய ஆள் கட்டிலில் பாதியாகக் கிடந்தான். மலத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, கையில் ட்ரிப் ஏற்றினார்கள்.

"கடைசியா என்ன சாப்பிட்டாரு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"சூப்பு," என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே வழக்கு, விசாரணை, தீர்ப்பு எல்லாம் எனக்கு முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம் நிரம்பியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். சூப்புக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். கனத்த உடம்பு, முன்கை இரண்டிலும் பழைய தீக்காயம். அதிகம் பேசமாட்டாள். இடுப்பளவு உயர அடுப்பு மேடையில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னத்தைப் போட்டுக் காய்ச்சுன? செத்த கோழியா, அழுகுன கோழியா?"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "என்னாச்சு ஊசி?"

"என் தம்பி ரத்தமாப் போய்க்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்கான். உன் சூப்பைக் குடிச்சுத்தான். இங்க நிக்கறவங்க எல்லாம் கேட்டுக்குங்க."

"அன்னிக்கு நாப்பது பேரு குடிச்சாங்க. நானும் குடிச்சேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"அப்ப என் தம்பி நடிக்கறானா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேள்வி கேட்டேன். மூன்றாவது தெரு வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். நான் திரும்பும்போது மேடையில் பாதி குடித்த டம்ளர்கள் வரிசையாக இருந்தன, ஆட்களைக் காணோம்.

அதோடு விட்டேனா? சுகாதார அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். நாலு நாளில் வந்து மாதிரி எடுத்து, விசாரணை முடியும்வரை என்று கடைக்கு சீல் வைத்தார்கள். எனக்கு அது போதவில்லை. சீருடைக்கு அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் கதையைச் சொன்னேன். அளவெடுக்கும்போது ஆள் அசைய முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். தோளிலிருந்து இடுப்பு வருவதற்குள் சூப்புக்காரியின் மானம் இறங்கிவிடும். இனி அவள் இந்த ஊரில் வெந்நீர் விற்றால்கூட யாரும் வாங்கக்கூடாது என்று கறுவிக்கொண்டே தைத்தேன். அந்த வாரம் தையல்கூட நேராக வந்தது.

தம்பி ஒரு வாரத்தில் தேறி வீட்டுக்கு வந்தான். இன்னொரு வாரம் ஓய்வெடுத்து வேலைக்கும் போனான். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வேலைக்குப் போன மூன்றாம் நாள் மதியமே திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தான். "அக்கா, கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னே தெரியல. மரத்துப்போச்சு," என்றான். மறுநாள் வாசற்படி ஏறக் கம்பியைப் பிடித்தான். அதற்கடுத்த நாள் கழிவறையில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் நானுமாகக் கதவை உடைத்துத் தூக்கி வந்தோம். அவன் கூச்சப்பட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒரு சின்னச் சுத்தியலால் அவன் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் எகிற வேண்டும். எகிறவில்லை. இரண்டாவது காலும் அப்படியே. பிறகு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். முப்பது வரை வந்தான்.

"சமீபத்துல வயித்தால போச்சா?" என்றார் டாக்டர்.

நான் ஆதியோடந்தமாகச் சொன்னேன். சூப்புக்காரியின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை.

"வயித்துக்கு வந்த கிருமியைத் துரத்த ஒடம்பு ஆளு அனுப்புதும்மா. அந்தக் கிருமியோட மேல்பக்கமும் நரம்போட மேல்பக்கமும் கொஞ்சம் ஒரே ஜாடை. கிருமி செத்துப்போன பிறகும் அந்த ஆளுங்க ஓயாம, நரம்பைப் போட்டு அடிக்கறாங்க. ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும். கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும். நெஞ்சு வரைக்கும் ஏறாம பாத்துக்கணும்."

ஆள் தெரியாமல் அடிக்கிற அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எவனோ செய்த தப்புக்கு எவனையோ அடிப்பதா? இவ்வளவுக்கும் முதல் காரணம் அந்தப் பானை என்று மறுபடி சூப்புக்காரியிடமே வந்து நின்றேன்.

ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். தினமும் காலையும் மாலையும் எண்ணச் சொல்வார்கள். முப்பது, இருபத்தைந்தானது. இருபத்தைந்து, பத்தொன்பதானது. ஒரு நாள் பதினாலில் நின்றுவிட்டான். அடுத்த எண் வாயில் வரவில்லை, என்னைப் பார்த்தான். நான் சிரித்தேன். வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். அதற்கு மறுநாள் பதினைந்து வந்தது. அப்புறம் மெல்ல மெல்ல ஏறியது. மூச்சு தப்பித்துவிட்டது. கால்தான் இரண்டும் யாருடையவோ போலக் கிடந்தன.

பிசியோ செய்கிற அம்மா தினமும் வந்து காலை மடக்கி நீட்டுவாள். இவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். பேச மாட்டான், சாப்பிட மாட்டான். "ஒடம்பு வரப் பாக்குது, இவரு வர மாட்டேங்கறாரு," என்று அந்த அம்மா என்னிடம் கையை விரித்தாள். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். எதற்கும் மசியவில்லை.

ஒரு நாள் எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. "நீ இப்படியே கெட. அவ அங்க திங்கறதும் தூங்கறதுமா நல்லா இருக்கா. உன்னை இப்படிப் படுக்க வெச்சவ முகத்துக்கு முன்னாடி ஒரு நாள் நிமிந்து நிக்கணும்னு உனக்கு ரோஷமே இல்லையா?" என்றேன்.

அவன் மெதுவாகத் திரும்பினான். இருபது நாளில் முதல் தடவையாக அவன் கண்ணில் உயிர் இருந்தது.

"நம்ம வீட்டுலேருந்து அவ கடைக்கு எவ்வளவு தூரம் இருக்கும்?" என்றான்.

"நூத்தம்பது தப்படி."

"எழுந்திருச்சதும் மொத வேலை அதுதான். நடந்து போய் அந்தப் பானையைத் தெருவுல கவுத்துட்டுத்தான் திரும்புவேன்."

அன்றைக்கு மத்தியானம் அவன் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கோபத்தைவிட நல்ல டானிக் இல்லை என்று நான் மனதுக்குள் கும்பிடு போட்டேன். பிசியோ அம்மாவுக்கு ஆச்சரியம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்க வைத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மூன்று தப்படி வைத்தால், "இன்னும் நூத்தி நாப்பத்தேழு" என்பான். அந்தக் கணக்கு எங்கள் இருவருக்கு மட்டும்தான் புரியும். வீட்டுக்கு வந்த பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னறையிலிருந்து முன்னறைக்கு நடப்பான். அவன் ஐந்து விரலும் என் தோளில் பதியும். கன்றிப்போன இடத்தைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். சோர்ந்து உட்கார்ந்தால் சூப்புக்காரியைப் பற்றி இரண்டு சொல் சொல்வேன். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்க எனக்குச் சொல்லியா தர வேண்டும். எழுந்துவிடுவான்.

இப்படி அவன் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் சுகாதார ஆய்வாளர் வந்தார். காலை பத்து மணி. தம்பியை அவன் கூட்டாளி பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தான். ஆய்வாளருக்கு ஐம்பது வயதிருக்கும். கக்கத்தில் பை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. ஆஸ்பத்திரி லேபிலிருந்து ரிப்போர்ட் தாமதமாக வந்ததாம், இப்போதுதான் விசாரிக்கிறார்களாம். நல்லது, வந்து சேர்ந்தாயே மகராசா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"புதன்கிழமை சூப்பு. எழுதிக்குங்க."

"அது இருக்கட்டும்மா. அதுக்கு முன்னாடி அஞ்சு நாளைக்கு என்னென்ன சாப்பிட்டாரு, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

செவ்வாய் சொன்னேன், திங்கள் சொன்னேன். நல்லவேளையாக எனக்கு ஞாபகம் அதிகம்.

"ஞாயித்துக்கிழமை?"

"வீட்டுச் சமையல்தான். கோழி வறுத்தேன். வெள்ளரிக்காயும் வெங்காயமும் பச்சையா நறுக்கி வெச்சேன். அவனுக்குப் பிடிக்கும்."

"கோழியை எப்படிக் கழுவுவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடம் என்ன கேட்கிறார். "ஏழு தண்ணி," என்றேன். "எங்க வீட்டுக் கோழி ஏழு தண்ணி பாக்காம அடுப்பு ஏறாது. மத்தவங்க மாதிரி ரெண்டு முக்கு முக்கி எடுக்கறவ இல்லை நான். குழாயை முழுசாத் திறந்துவிட்டு, தேய்ச்சு, அலசி, தண்ணி கண்ணாடி மாதிரி வர்ற வரைக்கும் விடமாட்டேன்."

"கொஞ்சம் செஞ்சு காட்டறீங்களா?"

கோழி இல்லை, உருளைக்கிழங்கு இருந்தது. சமையல் மேடையை முதலில் துணியால் துடைத்தேன். கறுப்புக் கல், பளபளவென்று இருக்கும். அதையும் அவர் பார்க்கட்டும் என்றுதான். கிழங்கைப் பாத்திரத்தில் போட்டு, குழாயை முழுக்கத் திறந்து, கோழியை எப்படித் தேய்ப்பேனோ அப்படித் தேய்த்துக் காட்டினேன். இரண்டு தண்ணீர் முடிந்ததும், "போதும்மா," என்றார்.

பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து, மேடையோடு மேடையாகச் சாய்த்துப் பிடித்தார். கறுப்புக் கல் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் மினுங்கின. தொட்டிக்குப் பக்கத்தில் மட்டுமில்லை. கத்தி மேல் இருந்தன. நறுக்குகிற பலகை மேல் இருந்தன. கவிழ்த்து வைத்திருந்த தட்டுகள் வரைக்கும் போயிருந்தன.

"வெள்ளரிக்காய் அன்னிக்கு எங்க இருந்துச்சு?"

வாய் சொல்வதற்கு முன்னால் என் கை காட்டிவிட்டது. பலகைக்குப் பக்கத்தில், தட்டில், மூடாமல்.

"உங்களுக்கு அந்த வாரம் ஒடம்பு எப்படி இருந்துச்சும்மா?"

"எனக்கென்ன. செவ்வாய்க்கிழமை மட்டும் நாலு தடவை வயித்தால போச்சு. லேசா ஜுரம். பால் கெட்டிருக்கும்னு விட்டுட்டேன்."

"நீங்க சூப்பு குடிச்சீங்களா?"

"நானா? அந்தக் கடை வாசலைக்கூட மிதிச்சதில்லை."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். தம்பியின் மலத்தில் இருந்தது பச்சைக் கோழியில் சாதாரணமாக இருக்கிற கிருமியாம். உள்ளே போன அன்றைக்கே அது வேலையைக் காட்டாது, இரண்டு நாளிலிருந்து ஐந்து நாள் வரைக்கும் குடலில் பெருகிவிட்டுத்தான் காட்டுமாம். கழுவினால் அது சாகாது, தெறிக்கும். கொல்வது அடுப்புதான். சூப்பு காலையிலிருந்து கொதித்தது. கோழியும் வெந்துவிட்டது. வெள்ளரிக்காய் அடுப்பைப் பார்க்கவே இல்லை.

"நீங்க என்ன, சூப்புக்காரிக்குச் சொந்தமா?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் கடைசியாச் சாப்பிட்டதைத்தாம்மா திட்டுவாங்க. அவங்க கடையில குடிச்ச நாப்பது பேருல முப்பத்தி ஒரு பேரை நான் பாத்துட்டேன். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லை. உங்களுக்கு வந்திருக்கு. நூத்துக்கு நூறுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நான் பாத்ததைத்தான் எழுதணும்," என்றார்.

அவர் போன பிறகு மேடையைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு என் கையே தெரியாமல் போயிற்று. அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது. அவன் தட்டில் வெள்ளரிக்காயை வேண்டாம் வேண்டாம் என்றாலும் இன்னொரு கை அள்ளிப் போட்டவள் நான்தான்.

அன்று மாலை தம்பி முகம் முழுக்கச் சிரிப்பாக வந்தான். "அக்கா, இன்னிக்குக் கம்பியைப் பிடிக்காம முப்பது. இன்னும் நூத்தி இருபதுதான். எண்ணெய்ச் சட்டி மாதிரி கொதிக்குது எனக்குள்ள. அவளை விடமாட்டேன்," என்றான்.

சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பதினாலில் நின்ற அந்த மூச்சு எனக்கு ஞாபகம் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த முதுகு ஞாபகம் வந்தது. கோபத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன், கோபத்தைப் பிடுங்கிவிட்டால் விழுந்துவிடுவான். நூற்றைம்பது ஆகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மீதிப் பாதி, எனக்கு வெட்கம். ஊரையே குத்தின ஊசி, தன் காதில் நூல் கோக்கப் பயந்தது.

அடுத்த வாரம் கடைக்கு வைத்த சீலை எடுத்துவிட்டார்கள். தம்பி கேள்விப்பட்டுக் கைத்தடியைத் தரையில் அடித்தான்.

"எவனுக்கோ லஞ்சம் குடுத்துட்டா. பாத்தியாக்கா? நம்ம மாதிரி ஆளுங்களுக்கு நியாயம் கெடையாது."

நான் மெஷினை வேகமாக மிதித்தேன். ஆமாம் என்று தலையாட்டினேனா, மெஷின் ஆட்டத்தில் தலை ஆடியதா என்று எனக்கே தெரியாது. தலை ஆடியது. அது போதும் அவனுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளைப் பற்றி எத்தனை பேரிடம் கேலியாகப் பேசியிருக்கிறேன். நான் மறைத்தது என் தம்பியின் கண்ணெதிரே.

கடை திறந்திருந்தது, அவ்வளவுதான். துணி கொடுக்கப் போகிற சாக்கில் தெருமுனை வழியாக நடந்து பார்த்தேன். பானை கொதிக்கிறது, டம்ளர்கள் அடுக்கியிருக்கின்றன, ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சீல் வைத்தது அரசாங்கம். அதை எடுத்துவிட்டார்கள். நான் வைத்ததை யார் எடுப்பது? அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆய்வாளர் வந்து போன இருபதாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, தம்பி குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு முன்னறைக்கு வந்தான். கைத்தடி கையில்.

"கெளம்புக்கா."

"எங்க?"

"எங்கேன்னு உனக்குத் தெரியாதா?"

"இன்னிக்கு வேணாண்டா. இன்னும் கொஞ்சம் பலம் வரட்டும்."

"நேத்து நூத்தி அறுபது நடந்தேன். போதும்."

ஒரு கையில் தடி, ஒரு கை என் தோளில். தெருவில் இறங்கினோம். வாசல்களில் நின்றவர்கள், "கம்பம் எழுந்திருச்சுட்டான்" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். சிலர் பின்னாலேயே வந்தார்கள். எங்கே போகிறோம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. நான்தானே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். எண்பதில் ஒரு தடவை நின்றான். நூற்றிப் பத்தில் அவன் கால் நடுங்கியது. "திரும்பிடலாம்" என்றேன். அவன் என் தோளைவிட்டுக் கையை எடுத்தான். மீதி நாற்பதை அவன் தனியாக நடந்தான்.

சூப்புக்காரி பானைக்குப் பின்னால் நின்றிருந்தாள். இவனைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

"என்னை ஞாபகம் இருக்கா?" என்றான்.

"இல்லாம? ரெண்டு டம்ளர், மிளகு தூக்கலா."

"ரெண்டு மாசத்துக்கு மேல படுத்திருந்தேன். மூச்சு விட முடியல எனக்கு. நீ காசைக் குடுத்துக் கடையைத் திறந்துட்ட."

தடியை மேடையில் சாய்த்தான். பக்கத்தில் கிடந்த பிடிதுணியை எடுத்துக் கைகளில் சுற்றிக்கொண்டு, பானையின் விளிம்பைப் பிடித்தான். பானை கொதித்துக்கொண்டிருந்தது. கவிழ்த்தால் பாதி தெருவில் கொட்டும், பாதி அவள் மேல். அவன் கால் மேலும் கொட்டும், அந்தக் காலால் சட்டென்று விலக முடியாது.

"விடுடா. அவ இல்லை," என்றேன். "நான்தான்."

அவன் திரும்பவில்லை. "தள்ளிப் போக்கா."

"ஞாயித்துக்கிழமைக் கோழிடா. நான் கழுவுன தண்ணி வெள்ளரிக்காய்ல தெறிச்சிருக்கு. எனக்கும் செவ்வாய்க்கிழமை வந்துச்சு. ஆய்வாளர் வந்து பாத்துச் சொல்லிட்டாரு. இவ சூப்புல ஒண்ணுமில்லை."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அவனுக்குக் கேட்டது. பானையிலிருந்து கை இறங்கியது.

சூப்புக்காரி அடுப்பைத் தணித்தாள். "ரிப்போர்ட்டு எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க," என்றாள் என்னைப் பார்த்து. "அதை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போயிருக்கலாம். என்னை யாரு நம்புவா? நீயா வந்து சொல்லுவேன்னுதான் தெனம் பானையை வெச்சுக்கிட்டு நிக்கறேன். காய்ச்சறதும் சாக்கடையில கொட்டறதுமா ரெண்டு வாரம் ஆச்சு."

"தப்புதான். மன்னிச்சிடு," என்றேன்.

"கேக்கலை."

"மன்னிச்சிடுன்னு சொன்னேன்."

"எனக்குக் கேட்டுச்சு. இவங்களுக்குக் கேக்கலை." பின்னால் வந்து நின்றவர்களைக் கையால் காட்டினாள். "அன்னிக்கு மூணாவது தெரு வரைக்கும் கேட்டுச்சே ஊசி. அதே மாதிரி சொல்லு."

அவள் முகத்தில் இரக்கம் இல்லை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் எனக்கும் இருந்திருக்காது. திரும்பி நின்றேன். எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள், பாதிப் பேருடைய மார்பளவும் இடுப்பளவும் என் நோட்டில் இருக்கின்றன. கத்திச் சொன்னேன். என் கை, என் கோழி, என் வீட்டுச் சுத்தம், எல்லாவற்றையும் சொன்னேன். எங்கோ ஒரு ஜன்னல் திறந்தது. யாரோ சிரித்தார்கள்.

தம்பி அப்போதும் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றான்.

"மூணு வாரமா."

"அவ காசு குடுத்துட்டான்னு நான் சொன்னப்ப?"

"தெரியும்."

"தலையாட்டினியே."

அவன் சூப்புக்காரியிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவள், "நீ என்னப்பா பண்ணுவ, போ," என்றாள். தடியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தான். பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தேன். சுற்றிக்கொண்டு போனான். நூற்றைம்பது தப்படியும் நான் அவனுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டே நடந்தேன். இரண்டு தடவை தடுமாறினான். இரண்டு தடவையும் அடுத்தவர் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்குள் வந்ததும் உட்காரக்கூட இல்லை. முன்னறையைக் கடந்து சமையலறை வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"இனிமே எனக்கு நானே சமைச்சுக்கறேன்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். பசிக்கிறதா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு அடுப்பு பற்றியது.